டிபி மாத்திரையைப் பாதியில் விடச் சொல்லாதீங்க

அந்த ஆடியோவைக் கேட்டிருப்பீங்க. சென்னை புளியந்தோப்பு, வியாசர்பாடி வாட்ஸப் குழுக்களில் எல்லாம் சுத்துது. டிபி கிருமியைக் கொல்ல வேண்டாமாம், ஆயுதத்தைப் பிடுங்கினா போதுமாம், மாத்திரையை நிறுத்திடலாமாம். நிறுத்தாதீங்க.

பேசினவர் சொன்ன ஆயுதம் நிஜம். அதனாலதான் மனசு கொதிக்குது. கிருமியை விழுங்குற வெள்ளணு அதை ஒரு பைக்குள்ள அடைச்சு, அமிலப் பையோட சேர்த்துச் செரிக்கப் பார்க்கும். டிபி கிருமி அந்தச் சேர்க்கையைத் தடுத்து, உள்ளேயே குடியிருந்து பெருகும். இஎஸ்எக்ஸ்-1 என்ற சுரப்பு அமைப்பு வழியா ஈசாட்-6 போன்ற புரதங்களை வெளியே தள்ளி அந்தப் பையையே சிதைக்கும். இந்த அமைப்பை முடக்க ஆய்வு நடக்குது, நல்ல ஆய்வு. ஆனா மாத்திரைக்குப் பதிலா அப்படியொரு டிபி மருந்து இன்னைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை.

‘ஆயுதம் போனா கிருமி சாதுவாயிடும்ல?’ ஆகும். பிரெஞ்சு விஞ்ஞானிகள் கால்மெட்டும் கெரானும் 1908 முதல் 1921 வரை மாட்டு டிபி கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்தப்போ இஎஸ்எக்ஸ்-1 மரபணுக்களில் ஒரு பகுதி உதிர்ந்துபோச்சு. பிள்ளைங்களுக்கு இடது தோளில் போடுற பிசிஜி தடுப்பூசி அதுதான். எச்.ஐ.வி.யால் நோய் எதிர்ப்பு குன்றின குழந்தை உடம்பில் அந்தச் சாதுக் கிருமியே பரவி உயிரை எடுத்திருக்கு. ஆயுதம் இழந்த கிருமியையும் முடிக்க உடம்பில தெம்பு வேணும். சர்க்கரையும் பட்டினியும் தின்ன உடம்புக்கு அது எங்கிருந்து வரும்?

மருந்துக்கு மசியுற சாதாரண டிபிக்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் நாலும் 2 மாசம், பைரசினமைட் தவிர மத்த மூணும் இன்னும் 4 மாசம். தினமும். 50 முதல் 64 கிலோ எடைன்னா நாளுக்கு 4 கூட்டு மாத்திரை. காசிமேட்டில் விடியுமுன்ன கூடை தூக்குறவருக்கு மூணாவது வாரமே இருமல் அடங்கும், பசி எடுக்கும், அட்டையில பாதி மாத்திரை அப்படியே ஃபிரிட்ஜ் மேல கிடக்கும். செல்லுக்குள்ள தூங்குற கிருமி அப்பவும் சாகலை. திரும்பி வரும்போது ரிஃபாம்பிசினுக்கே மசியாம வரலாம்.

‘கம்பெனிக்காரன் காசு’ன்னு எழுதுவீங்க. அரசு ஆஸ்பத்திரியில இது இலவசம். ‘ஒத்துக்கலை’ன்னா, அது நியாயம். ஆனா சிறுநீர் ஆரஞ்சா போறது ரிஃபாம்பிசின் நிறம், பயம் வேண்டாம். கண் மஞ்சளானா, பார்வை மங்கினா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. எதை நிறுத்தணும், எதை மாத்தணும்னு அவங்க சொல்வாங்க.

டிபிக்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டும் குணமாகலாம்னு 1959-ல் உலகத்துக்குக் காட்டினது இதே மெட்ராஸ்ல நடந்த ஆய்வு. நெருக்கடியான வீடுகள்ல இருந்த ஏழை ஜனங்க மாத்திரை முழுங்கி நிரூபிச்சாங்க. அவங்க பேரப்பிள்ளைங்ககிட்டயா இதைப் பரப்புறீங்க?

அனுப்பின குழுவிலேயே ‘தப்பு’ன்னு போடுங்க. ஏற்கெனவே நிறுத்தினவங்க மிச்ச மாத்திரையைத் தானா தொடங்க வேண்டாம். மருந்து வாங்கின இடத்துக்கே போய், சளியில ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசியுதான்னு சோதிச்சிட்டு ஆரம்பிங்க.