அம்மாவை எழுப்பிவிட்ட கடற்கரை

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று வியாழன். இன்னும் மனசு ஆறவில்லை.

அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. இலங்கை மலையகத்தில், பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தவர். கிழக்குக் கரையில் இருக்கும் ஒகந்தை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் அந்தக் கோயிலில் தங்கித்தான் குமண காட்டுக்குள் இறங்குவார்கள். அந்த யாத்திரை அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. சரி, வேனிலாவது போவோம் என்று தங்கச்சியும் நானும் காசு சேர்த்தோம். விடிய மூன்று மணிக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகல, பொத்துவில், அப்புறம் பானமை. கோயிலில் நல்ல தரிசனம். அதில் ஒரு குறையும் இல்லை.

திரும்பும் வழியில் பிள்ளைகள் கடலில் கால் நனைக்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். பலகையில் அலையேறுகிறவர்கள் குவியும் அறுகம்பேயில் சீசன் நேரம் அலைக்குக்கூட வரிசை நிற்க வேண்டும், கூட்டம் இல்லாத இடம் காட்டுகிறேன் என்று டிரைவர் தம்பி பானமைப் பாதையிலிருந்து ஒரு மண் பாதையில் திருப்பினார். போய் இறங்கினால் அப்படி ஓர் இடம்! நீளமான மணல், ஒரு பக்கம் பாறை முனை. அந்த முனையைச் சுற்றிக்கொண்டு அலை வலப்பக்கமாக நீளமாக உருண்டு வருகிறது. ஐந்தாறு பேர் பலகையோடு மிதந்துகொண்டு அலைக்காகக் காத்திருந்தார்கள். வேறு சத்தமே இல்லை. மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் தென்மேல் பருவக்காற்று மழையைக் கொட்டும் அதே மாதங்களில்தான் அந்தப் பக்கம் வெயிலும் கச்சான் என்ற வறண்ட காற்றும். ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை உலகமே அங்கே அலையேற வருவது அதனால்தான்.

அம்மா கடலுக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அலை பின்வாங்கும்போது காலடி மணல் அரித்துக்கொண்டு போக, பயந்து என் தோளைப் பிடித்தார். குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஆமா புள்ள, உப்புத்தான்" என்றார். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்த சனம் நாங்கள். 2023இல் அந்த வருகையின் 200 வருச நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த வம்சத்துப் பெண் கடல் உப்பை ருசி பார்க்க அறுபத்திரண்டு வயது ஆக வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்குக் கால் வலித்தது. கரையில் கிடுகு வேய்ந்த சின்னச் சின்னக் குடில்கள், உள்ளே மெத்தை போட்ட சாய்வு நாற்காலிகள். பத்துப் பன்னிரண்டு நாற்காலிகளில் இரண்டில்தான் ஆள். ஒன்றில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு ஆளுக்கொரு தம்பிலி இளநீர் சொல்லலாம் என்று திரும்பினேன். ஒரு பையன் ஓடி வந்தான். இருபது வயது இருக்கும்.

"அக்கா, அம்மாவ எழும்பச் சொல்லுங்க. இது வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டுந்தான்."

காசு தருகிறோம் தம்பி என்றேன். எவ்வளவு என்றாலும் தருகிறோம் என்றேன். "காசு இல்லக்கா, முதலாளி ஏசுவார்" என்றான். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவனோடு எனக்குச் சண்டை இல்லை.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா எழுந்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டென்று எழுந்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, தான் உட்கார்ந்த இடத்தில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தட்டித் துடைத்துவிட்டு, ஓரமாகத் தள்ளி நின்றார். தோட்டத்தில் மேலாளர் துரையின் ஜீப் வரும்போது பாதையோரம் ஒதுங்கி நிற்பார்களே, அதே நிலை. வேலையை விட்டு ஏழு வருசம் ஆகியும் அந்த உடம்பு அதை மறக்கவில்லை.

இந்த நாட்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையைப் படித்துப் பாருங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால் என்ற காரணங்களைக் காட்டிக் கடைக்கோ பொது உணவகத்துக்கோ ஹோட்டலுக்கோ போகும் எவருக்கும் தடை போடக்கூடாது என்று அதன் மூன்றாம் பந்தியில் எழுதியிருக்கிறது. "நாங்கள் இனம் பார்க்கவில்லை, எந்த நாட்டுக்காரர் என்றுதான் பார்க்கிறோம்" என்று அந்த முதலாளி சொல்லலாம். பொய். எங்களிடம் ஒருவரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தார்கள், அம்மாவின் வொயில் சேலையைப் பார்த்தார்கள், முடிவெடுத்துவிட்டார்கள். லண்டனில் பிறந்து அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளை இதே சேலையில் வந்து உட்கார்ந்திருந்தாலும் அவளையும் எழுப்பித்தான் இருப்பார்கள். முகத்தைப் பார்த்து ஆளைப் பிரிப்பதற்கு வேறு என்ன பெயர்?

அந்தக் குடில் நிற்கும் இடம் யாருடையது? ஈர மணலிலிருந்து எட்டுவைத்து எண்ணிப் பார்த்தேன், முப்பதுகூட இல்லை. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டுவதென்றாலும் அனுமதிப் பத்திரம் வேண்டும். அனுமதி எடுத்தார்களா எடுக்கவில்லையா, அது அதிகாரிகள் பார்க்க வேண்டியது. எடுத்திருந்தாலும், கடலைப் பார்த்து உட்கார இன்னாருக்குத்தான் உரிமை என்று எந்தப் பத்திரத்திலும் எழுத முடியாது.

நம் ஆட்கள் குடித்துவிட்டுப் போத்தலை உடைக்கிறார்கள், வெள்ளைக்காரப் பெண்களை முறைத்துப் பார்க்கிறார்கள், வேனில் பாட்டை அலறவிட்டு ஆடுகிறார்கள், அதனால்தான் இப்படி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்கிறார்கள், நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. செய்கிறவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுங்கள், நானும் கூட நிற்கிறேன். கோயில் விபூதியோடு கால் வலிக்குதென்று உட்கார்ந்த கிழவி எந்தப் போத்தலை உடைத்தார்?

இன்னொன்றும் சொல்லாமல் விட மாட்டேன். அங்கே மேசையில் கிடந்த அட்டையில் ஒரு கோப்பை பிளேன்டீ 500 ரூபா. தோட்டத் தொழிலாளிக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனதே 2024 செப்டம்பரில்தான். ஆயிரம் ரூபாவுக்கே எத்தனை வருசம் ரோட்டில் நின்றோம்! இலங்கைக்கு வாருங்கள் என்று உலகத்தைக் கூப்பிடும் விளம்பரங்களில் கூடை சுமந்து சிரிக்கும் பெண் யார்? என் அம்மாதான். படத்துக்கு அவர் வேண்டும், அவர் எடுத்த கொழுந்தின் சாயம் வேண்டும். நாற்காலியில் மட்டும் உட்காரக்கூடாது.

வேனில் ஒருவரும் பேசவில்லை. சியம்பலாண்டுவயில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தியபோது அம்மா மெதுவாகக் கேட்டார், "நாம ஏதும் தப்புப் பண்ணிட்டமா புள்ள?" தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "இல்லம்மா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

அடுத்த ஆடித் திருவிழாவுக்கு மறுபடியும் ஒகந்தைக்குப் போகிறோம். வேனுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். வீட்டிலிருந்து பெரிய பாயும் தலையணையும் கொண்டுபோவேன். அதே கிடுகுக் குடிலுக்கு நேர் முன்னால், மணலில் விரிப்பேன். அம்மா கால் நீட்டிப் படுத்துக்கொண்டு கடலைப் பார்ப்பார். யார் வந்து எழும்பச் சொன்னாலும் இந்தத் தடவை அவர் எழும்ப நான் விடமாட்டேன்.