இரண்டு கத்தி பொறித்த காசை வெளியிட்டது செனட் அல்ல

நடுவில் ஒரு தொப்பி, இருபுறமும் கத்தி. இந்த ரோமானிய வெள்ளிக் காசின் படத்தைப் போட்டு, “ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட மறுநாளே செனட் சபை வெளியிட்ட வெற்றி நாணயம்” என்று பகிர்கிறார்கள். காசு உண்மையானது, கதை தவறு.

ரோமின் சர்வாதிகாரியாக இருந்த சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44 மார்ச் 15. இரண்டு நாள் கழித்துக் கூடிய செனட் என்ற ரோமின் ஆட்சி மன்றம், கொன்றவர்களுக்கு மன்னிப்பு அளித்தது. அதே நேரம் சீசரின் ஆணைகள் செல்லும் என்றும் முடிவு செய்தது. அது கொண்டாட்டம் இல்லை, சமரசம்.

அப்படியானால் யாருடைய காசு? கொலையாளிகளில் ஒருவரான புரூட்டஸுடையது. அவர் இத்தாலியை விட்டுக் கிழக்கே போய்ப் படை திரட்டியபோது, கி.மு. 43-42இல், படையோடு நகர்ந்த அக்கசாலையில் (காசு அடிக்கும் பட்டறையில்) அடிக்கப்பட்டது. வீரர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! அந்தத் தொப்பி, விடுதலை பெற்ற அடிமைகள் அணிவது. கீழே உள்ள ‘எய்ட் மார்’ என்ற எழுத்துகள் மார்ச் 15ஐக் குறிக்கும் சுருக்கம். ரோமைச் சர்வாதிகாரியிடமிருந்து மீட்டோம் என்பதுதான் சேதி.

பகிரப்படும் படத்தில் பெரும்பாலும் வராத மறுபக்கத்தைத்தான் அவசியம் பார்க்க வேண்டும். அங்கே இருப்பது புரூட்டஸின் சொந்த முகம். உயிரோடிருக்கும்போதே சீசர் தன் முகத்தை ரோமக் காசில் பொறிக்க வைத்தது, மன்னராக ஆசைப்படுகிறார் என்ற சந்தேகத்தை வளர்த்தது. குடியரசைக் காக்கக் கொன்றதாகச் சொன்னவரும் அதையே செய்தார். கி.மு. 42 அக்டோபரில் சீசரின் ஆதரவாளர்களோடு நடந்த பிலிப்பி போரில் தோற்று உயிரை மாய்த்துக்கொண்டார்.