ஒரு தொட்டிச் செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்துவிடுமா?

"படுக்கையறையில் ஒரு பாம்புச்செடி வையுங்கள், காற்று சுத்தமாகிவிடும், நாசாவே சொல்லியிருக்கிறது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை. 1989-இல் நாசா வெளியிட்ட சோதனை, காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. பென்சீன் போன்ற கெடுதலான வாயுக்கள் அதில் குறைந்தன. வேர்மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் அதில் பங்குண்டு. வீடு பெட்டியில்லையே! கதவிடுக்கு, ஜன்னல் சந்து வழியாகவே காற்று மாறிக்கொண்டிருக்கும். இத்தகைய சோதனைகளை 2019-இல் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார்கள். வீட்டில் காற்று தானாக மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தரையில் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டுமாம். அப்புறம் கட்டிலை எங்கே போடுவது? செடியை ஆசைக்கு வளருங்கள். பெயிண்ட் நெடி போக வேண்டுமென்றால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.