கடலை மிட்டாய் தின்று வளர்ந்தவள்தான், அதனால்தான் சொல்கிறேன்

கொடைக்கானல் ஏரிச் சாலைக் கடையின் சாக்லேட், பீநட் பட்டர் ஐஸ்கிரீமைப் பற்றி நான் எழுதியதையும் அதன் கீழே கடைக்காரர் போட்டுவிட்டுப் போன பதிலையும் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். "கடலை மிட்டாய் தின்று வளர்ந்தவர்களுக்கு இதன் ருசி பிடிபடாது." அதற்குச் சிரித்தவர்களில் என் நண்பர்களும் உண்டு. பரவாயில்லை, பார்த்துக்கொண்டேன்.

நான் சொன்னது என்ன? சாக்லேட் நன்றாக இருந்தது. கசப்பு தெரிந்தது, தொண்டையில் ஒட்டவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது. குறை கடலையில்தான். நடுவே கோடு கோடாக ஓடிய பீநட் பட்டரில் வறுத்த வாசனையே இல்லை. விழுங்கிய பிறகு அடிநாக்கில் சிக்கு வாடை. கடலை பழசு என்று கடலை தெரிந்த ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான்.

சில்லிட்ட நாக்கில் ருசி மந்தமாகத்தான் தெரியும் என்று ஒருவர் வகுப்பெடுத்தார். உண்மைதான். குளிரில் இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதால்தான் ஐஸ்கிரீமில் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். அந்தக் குளிரையும் மீறிச் சிக்கு தெரிகிறது என்றால் கடலை எவ்வளவு பழசாக இருக்க வேண்டும்? நிலக்கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அரைத்து வைத்துக் காற்றுப் பட்டால் அது கெடும். நல்ல விழுதில் தண்ணீர்ப் பசை இருக்காது. அதனால் ஐஸ்கிரீம் இறுகிக் கிடந்தாலும் அது கல்லாக உறையாது. வாயில் இளகி, தன் உப்பால் சாக்லேட்டின் கசப்பைத் தணிக்கும். இந்த ஜோடியின் அழகே அங்கேதான் இருக்கிறது. 1928இல் அமெரிக்காவில் எச்.பி. ரீஸ் என்பவர் பீநட் பட்டரைச் சாக்லேட்டுக்குள் அடைத்து விற்றாரே, அதுவும் மிட்டாய்தான் ஐயா. கடலை மிட்டாய்தான். அதைத் தின்று வளர்ந்தவர்களுக்கு மட்டும் தனி நாக்கு முளைத்திருக்கிறதா?

என் அப்பா சீசனில் ஏரிக்கரையில் தள்ளுவண்டி வைத்துக் கடலை வறுத்து விற்றவர். மூஞ்சிக்கல் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கலாம். மூட்டையை அவிழ்த்ததும் ஒரு கை அள்ளி, உடைத்து, முதலில் முகர்ந்து பார்ப்பார். வாயில் போடுவது அப்புறம்தான். சிக்கு வாடை அடித்தால் மூட்டை அப்படியே வத்தலக்குண்டுக்குத் திரும்பும். அன்றைக்கு வியாபாரம் கிடையாது, வீட்டில் அம்மா பேசவும் மாட்டார். மூடுபனியில் வண்டி தெரியாத நாளில்கூட வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். பள்ளியில் எனக்குக் 'கடலை வண்டி' என்றே பெயர். அதே பெயரைத்தான் இப்போது கடைக்காரர் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்.

நிலக்கடலையே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே என்கிறார் இன்னொரு அறிவாளி. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதற்காக ஒட்டன்சத்திரத்துக்காரனுக்குக் காரம் தெரியாதா?

"சிறு வியாபாரியை இப்படி எழுதலாமா அக்கா?" என்று கேட்ட தம்பிக்கு மட்டும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மழை மாதங்களில் வெறிச்சோடும் ஊரில் கடை நடத்துவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் தம்பி, தள்ளுவண்டியும் சிறு வியாபாரம்தான். கடலை கொஞ்சம் கருகினால் பொட்டலத்தை முகத்துக்கு நேரே நீட்டிக் காசைத் திருப்பிக் கேட்டார்கள். அப்பாவுக்காக அன்று யாரும் பரிந்து பேசவில்லை. அவரும் யாரையும் பார்த்து 'உனக்கு ருசி தெரியாது' என்று சொல்லவில்லை.

கடைக்காரரே, உங்களிடம் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். வெறுமனே ஐஸ்கிரீம் என்று பெயர் போட்டால் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்தால் ஃப்ரோசன் டெசர்ட் என்று சொல்லி விற்க வேண்டும். உங்களுடையது இதில் எது என்று அன்றைக்குக் கேட்டேன். கல்லாவில் இருந்தவர் என் செருப்பைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற பெங்களூர்க் குடும்பத்தைப் பார்த்துச் சிரித்தார். கேட்ட விலையைக் கொடுத்தவள்தான் நானும். இதையே வெளியூர்க்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நன்றி சொல்லி, இன்னொரு கப் இலவசமாகக் கொடுத்திருப்பீர்கள். உள்ளூர்க்காரி சொன்னால்தான் உறுத்துகிறது. இந்த ஊரில் நாங்கள் கப்பைக் கழுவலாம், பெட்டி சுமக்கலாம், அறை காட்டலாம். ருசி மட்டும் சொல்லக் கூடாது.

பதிவை நீக்கிவிடு என்று உள்பெட்டிக்கு வந்து சமாதானம் பேசுகிறவர்களுக்கு: நீக்க மாட்டேன். கடைக்காரர் தன் பதிலை நீக்கிக்கொண்டாலும் நான் நீக்க மாட்டேன். அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.