மஞ்சள் கேள்விக்குறி இருந்தால் சான்றிதழ் செல்லாதா?

"இ-சேவை மையத்துல எடுத்த சான்றிதழ்ல மஞ்சள் கேள்விக்குறி இருந்தா செல்லாது, தாசில்தார் பச்சை மையில கையெழுத்து போட்டு சீல் வச்சாத்தான் செல்லும்" என்று சேலம், ஏற்காடு பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தப்பு.

அந்தக் கேள்விக்குறி சான்றிதழைப் பற்றியதே இல்லை. பிடிஎஃப்பைத் திறந்த கணினியில், டிஜிட்டல் கையெழுத்துக்கு உத்தரவாதம் தரும் இந்திய அரசின் மூலச் சான்றை இன்னும் நம்பகமானதாகச் சேர்க்கவில்லை, அதனால் அந்த மென்பொருள் 'எனக்குத் தெரியலை' என்கிறது, அவ்வளவுதான். அதைச் சேர்த்துவிட்டால் அதே கோப்பில் பச்சை டிக் வந்துவிடும். பிரிண்ட் எடுக்கும்போது கேள்விக்குறியும் சேர்ந்தே பதிந்துவிடுகிறது, பார்க்கிறவர் மிரண்டுபோகிறார்.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 5-ஆம் பிரிவு, டிஜிட்டல் கையெழுத்துக்கு மைக் கையெழுத்துக்குச் சமமான அந்தஸ்து தருகிறது. சந்தேகம் இருந்தால் சான்றிதழ் எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், இல்லை க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்.

அப்புறம் இன்னொன்று: சேர்வராயன் மலைக் கிராமங்களில் பழங்குடி சாதிச் சான்றிதழ் கொடுப்பவர் கோட்டாட்சியர், தாசில்தார் இல்லை. செய்தியை எழுதியவருக்கு அதுவே தெரியவில்லை. சீல் போட்டுத் தருகிறேன் என்று எவராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.