‘முதல்’ என்ற பட்டமும் ஹார்லெம் பாலே குழுவும்

‘உலகின் முதல் கறுப்பின பாலே நட்சத்திரம்’ என்று யாராவது ஒரு படத்தைப் பகிர்ந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. 2015இல் மிஸ்டி கோப்லாண்ட், அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நடனக் கலைஞராக உயர்ந்தபோது தொடங்கிய கோபம் இது. செய்தி சரியானதுதான். அந்தக் குழுவின் 75 ஆண்டு வரலாற்றில் அந்த இடத்துக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். சின்ன விஷயமில்லை. ஆனால் கை மாறக் கை மாற, ‘அந்தக் குழுவில் முதல்’ என்பது ‘அமெரிக்காவில் முதல்’ ஆகி, பிறகு ‘உலகில் முதல்’ ஆகிவிட்டது.

ஹியூஸ்டன் பாலேயில் லாரன் ஆண்டர்சன் 1990இலேயே முதன்மைக் கலைஞர். பென்சில்வேனியா பாலேயில் டெப்ரா ஆஸ்டின் 1982இல் அந்த இடத்தைப் பிடித்தவர். சரி, இவர்களாவது வெள்ளையர் குழுக்களுக்குள் தனித்தனியாக நுழைந்தவர்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு முழுக் குழுவே 1969இலிருந்து இருக்கிறதே, அதை எப்படி மறந்தார்கள்? டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம். அதன் நட்சத்திரம் லிடியா அபார்கா 1975இல் டான்ஸ் மேகசின் அட்டையில் வந்தவர். அப்போது மிஸ்டி பிறக்கவே இல்லை.

ஒருவரை ‘முதல்’ என்று தூக்கி வைப்பது பல நேரம் அவருக்கு முன்னால் இருந்த பத்துப் பேரை மறப்பதற்கு வசதியான வழி. ஆர்தர் மிட்செலுக்கு இது நன்றாகத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவரே ஒரு ‘முதல்’தான். அந்தப் பட்டம் போதாது என்று கண்டுகொண்டுதான் ஹார்லெம் குழுவைத் தொடங்கினார். நான் இப்படித்தான் அந்த வரலாற்றைப் படிக்கிறேன்.

கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். 1933 ஜூலையில் லிங்கன் கிர்ஸ்டீன் என்ற 26 வயதுப் பணக்கார வீட்டு இளைஞர், ஹார்ட்ஃபோர்ட் நகர அருங்காட்சியகத்தின் இயக்குநர் சிக் ஆஸ்டினுக்கு லண்டனிலிருந்து 16 பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜார்ஜ் பாலன்ஷீன் என்ற ரஷ்ய நடன அமைப்பாளரை எப்படியாவது அமெரிக்காவுக்கு அழைத்து வர வேண்டும், ஒரு பள்ளி தொடங்க வேண்டும், அதற்குப் பணம் புரட்டித் தாருங்கள் என்பது சாரம். யாரைச் சேர்ப்பது என்றும் அதில் இருக்கிறது: 16 வயதையொட்டிய வெள்ளைப் பெண்கள் 4 பேர், வெள்ளைப் பையன்கள் 4 பேர், கறுப்பினத்தவர் 8 பேர். பாதிக்குப் பாதி! 1934 ஜனவரி 2 அன்று நியூயார்க்கில் பள்ளி திறந்தபோது அந்த இரண்டாவது பாதியைக் காணோம். பள்ளி வளர்ந்தது, அதிலிருந்து குழுக்கள் தோன்றின, கலைந்தன, கடைசியில் 1948இல் நியூயார்க் சிட்டி பாலே என்று நிலைத்தது. அதில் ஒரு கறுப்பின நடனக் கலைஞர் நிரந்தர இடம் பிடிக்க 1955 ஆயிற்று.

அவர்தான் மிட்செல். பள்ளி திறந்த அதே 1934இல், மார்ச் மாதம் பிறந்த ஹார்லெம் பையன். 12 வயதில் அப்பா சிறைக்குப் போக, குடும்ப பாரம் இவர் தலையில் விழுந்தது. நிகழ்கலைக்கான உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1952இல் உதவித்தொகையோடு பாலன்ஷீனின் பள்ளிக்குள் நுழைந்தார். 1955இல் ‘வெஸ்டர்ன் சிம்பனி’யில் தானகில் லெ கிளெர்க் என்ற வெள்ளைப் பெண்ணுக்கு ஜோடியாக மேடையேறியபோது, பார்வையாளர்களில் யாரோ உரக்கவே இனவெறிச் சொல் ஒன்றைச் சொன்னது தன் காதில் விழுந்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1957 டிசம்பரில் பாலன்ஷீன் அமைத்த ‘அகான்’ என்ற பாலே. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை, வெறும் பயிற்சி உடை, அரங்க அலங்காரம் எதுவும் கிடையாது. மிட்செலும் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளைப் பெண்ணும் ஆடும் ஜோடி நடனம்தான் அதன் உயிர். தென்மாநில நகரமான லிட்டில் ராக்கில் 9 கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளிக்குள் போக ராணுவம் வர வேண்டியிருந்த அதே ஆண்டு. பாலன்ஷீன் அந்த இரண்டு தோல் நிறங்களையும் மறைக்கப் பார்க்கவில்லை. மிட்செலின் கை ஆடம்ஸின் கணுக்காலைப் பிடிக்கும் இடம் வரைக்கும் அந்த வேறுபாட்டையே நடன அமைப்பின் பகுதியாக்கினார். மேடையில் கைதட்டல் கிடைத்தது. அமெரிக்க வணிகத் தொலைக்காட்சி மட்டும், தென்மாநில நிலையங்கள் ஏற்காது என்று பல ஆண்டுகள் இந்த மாதிரி ஜோடியைக் காட்டவே இல்லை.

இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். உலகம் முழுக்கப் பாராட்டு, ஆனால் குழுவுக்குள் திரும்பிப் பார்த்தால் அநேகமாகத் தனியாள். ‘எங்களிடம் மிட்செல் இருக்கிறாரே’ என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

1968 ஏப்ரல் 4. பிரேசிலில் ஒரு பாலே குழுவை உருவாக்கும் வேலையில் இருந்த மிட்செல், விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டார். எங்கோ போய் எதற்குச் செய்ய வேண்டும், நம் தெருவிலேயே செய்யலாமே என்று தோன்றியதாம். தன் சேமிப்பிலிருந்து 25,000 டாலரைப் போட்டு, தன் பழைய ஆசிரியர் கேரல் ஷூக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ஷூக் வெள்ளையர், நெதர்லாந்தில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவர். இடம் ஒரு பழைய கராஜ். வெக்கை தாங்காமல் கதவைத் திறந்து வைக்க, தெருவில் போன பிள்ளைகள் எட்டிப் பார்த்து உள்ளே வந்துவிட்டார்கள். டைட்ஸ் போட வெட்கப்பட்ட பையன்களை வெட்டிய ஜீன்ஸோடு ஆட விட்டார். 30 பேரோடு ஆரம்பித்தது இரண்டு மாதத்தில் 400 ஆனது. 1971 ஜனவரியில் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் முறையான அரங்கேற்றம்.

பெரும்பாலான கட்டுரைகள் இங்கே கண்ணீர் மல்க முடிந்துவிடும். சேரிப் பிள்ளைகள், பெரிய மனசுக்காரர், மாறிய வாழ்க்கை. எனக்கு இந்த நடை பிடிப்பதில்லை. அது ஒரு சமூக சேவை மையம் போலத்தான் கேட்கிறது. மிட்செல் உருவாக்கியது ஒரு பாலே குழு. அதை நடனமாகப் பேச வேண்டாமா?

நடனமாகப் பேசினால் முதலில் வர வேண்டியது பின்வரிசை. பாலேயில் தனி நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கூட்டம் ஆடும். ‘ஸ்வான் லேக்’கில் 24 அன்னங்கள் ஒரே கோணத்தில் தலை சாய்த்து, ஒரே நேரத்தில் கை உயர்த்தும். இந்த ஒருமைதான் கறுப்பினப் பெண்களை வெளியே நிறுத்த எல்லோருக்கும் கைகொடுத்த சாக்கு. ஒரு கறுத்த முகம் வந்தால் வரிசை கெட்டுவிடுமாம். பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். பெர்லின் அரசு பாலே குழுவில் இருந்த குளோயி லோப்பெஸ் கோம்ஸ், தன்னை ‘ஸ்வான் லேக்’குக்காக வெள்ளைப் பூச்சு பூசச் சொன்னார்கள் என்று 2020இல் பகிரங்கமாகச் சொன்னார். ஆக, நட்சத்திரமாக ஒருவரை ஏற்றுக்கொள்வது இவர்களுக்கு எளிது. நட்சத்திரம் எப்படியும் தனியாகத் தெரிய வேண்டியவர்தானே. வரிசைக்குள் விடுவதுதான் கஷ்டம். இந்த இடத்தில்தான் ஹார்லெம் குழு அடித்தது. வரிசை முழுக்கவே அவர்கள்.

அடுத்து அந்த ஷூ. பாலேயின் இளஞ்சிவப்பு சாட்டின் ஷூவும் அதே நிற டைட்ஸும் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. வெள்ளைத் தோலோடு ஓரளவு ஒத்துப்போவதால், இடுப்பிலிருந்து கால்நுனி வரை ஒரே கோடாகத் தெரியும். காலை நீட்டும்போது அந்தக் கோடு முறியக் கூடாது என்பது இந்தக் கலையின் அடிப்படைக் கணக்கு. பழுப்பு நிற உடலில் இளஞ்சிவப்பு டைட்ஸைப் போட்டால் கோடு இடுப்பிலேயே வெட்டுப்படும். கால் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். ஹார்லெம் குழுவின் ஆரம்பகாலக் கலைஞர் லாஞ்சி ஸ்டீவன்சன் பழுப்பு டைட்ஸ் போட்டு ஆடத் தொடங்கியதிலிருந்து வந்த யோசனையை மிட்செல் பிடித்துக்கொண்டார். இனி ஒவ்வொருவரும் அவரவர் தோல் நிறத்தில். குழுவுக்கெல்லாம் பொதுவாக ஒரு பழுப்பு என்று முடிவு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். டைட்ஸைச் சாயத்தில் ஊறவைத்துத் தன் நிறம் வரும் வரை பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். ஷூவுக்கு முகத்துக்குப் போடும் பான்கேக் ஒப்பனையை ஸ்பாஞ்சில் தொட்டு, சாட்டின் மேல் ஒற்றி ஒற்றிப் பூச வேண்டும். ரிப்பனையும் விடக் கூடாது. காயவிட்டு இன்னொரு பூச்சு. கால்விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான இந்த நுனிக்கால் ஷூ துணியும் காகித அட்டையும் பசையும் அடுக்கிச் செய்தது. கடினமான பாத்திரம் என்றால் ஒரே இரவில் தொய்ந்து போய்விடும். மறுநாள் புது ஜோடி, மறுபடியும் பூச்சு. லண்டனின் ஃப்ரீட் நிறுவனம், பாலே பிளாக் என்ற குழுவோடு சேர்ந்து பழுப்பு நிற நுனிக்கால் ஷூக்களைக் கொண்டுவந்தது 2018இல்! அதுவரை நாற்பது ஆண்டுக்கு மேல் கையால்தான் பூசினார்கள். மேடையில் பார்த்தால் வரிசையில் ஆளுக்கொரு நிறக் கால். ஆனால் எந்தக் கோடும் முறியவில்லை. ஒருமை என்பது நிறத்தில் இல்லை, அசைவில் இருக்கிறது என்று வாயால் வாதாடாமல் காட்டிவிட்டார்கள்.

1984இல் லண்டனில் அரங்கேற்றிய ‘கிரியோல் ஜிசெல்’ இன்னொரு படி மேலே. பழைய ‘ஜிசெல்’ கதை தெரியும்தானே: பிரபு ஒருவன் வேஷம் மாற்றி வந்து கிராமத்துப் பெண்ணைக் காதலித்து ஏமாற்ற, அவள் சித்தம் கலங்கிச் செத்து, இரண்டாம் அங்கத்தில் ஏமாற்றப்பட்ட பெண்களின் ஆவிக் கூட்டத்தில் சேர்கிறாள். மிட்செல் இதை 1840களின் லூசியானாவுக்கு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களிடையே கொண்டுபோனார். அங்கே ஒரு குடும்பத்தின் அந்தஸ்து, அது அடிமைநிலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகி வந்திருக்கிறது என்பதை வைத்து அளக்கப்பட்டது. விடுதலையாகி அதிக காலம் ஆகாத வீட்டுப் பெண் ஜிசெல். தலைமுறைகளுக்கு முன்பே சுதந்திரமடைந்த வசதியான வீட்டுப் பிள்ளை காதலன். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இன்னொரு படிக்கட்டு. நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பழைய அசைவுகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். வர்ஜீனியா ஜான்சன் ஜிசெலாக ஆடியது தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டது. நான் நேரில் எதையும் பார்த்ததில்லை, எல்லாம் வீடியோ தயவுதான்; ஆனால் அதைப் பார்த்த பிறகு ஜெர்மன் கிராமத்து ‘ஜிசெல்’ எனக்குக் கொஞ்சம் வெறும் தேவதைக் கதையாகப் படுகிறது.

மிட்செலைப் புனிதராக்க வேண்டாம். பயங்கரக் கண்டிப்பு, முன்கோபம் என்று அவரிடம் ஆடியவர்களே சொல்கிறார்கள். ஆனால் யாரைக் கற்றுக்கொடுக்க அழைத்தார் என்று பாருங்கள். 1955இல் அவருக்கு ஜோடியாக ஆடிய லெ கிளெர்க், மறுவருடமே ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் போலியோ தாக்கி நடக்க முடியாமல் போனவர். 1970களில் ஹார்லெம் பள்ளியில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பாடம் எடுத்தார். கால் செய்ய வேண்டியதைக் கையாலும் விரல்களாலும் காட்டுவாராம்.

அந்த ஆரம்பகாலப் பெண்களில் ஐந்து பேர், அபார்காவும் அவர்களில் ஒருவர், தங்கள் வரலாறு தங்கள் கண்முன்னாலேயே அழிவதைப் பார்த்து, பள்ளி இருக்கும் தெருவின் பெயரிலேயே ‘152ஆம் தெரு கறுப்பு பாலே மரபு’ என்று ஒரு கூட்டமைப்பு தொடங்கியிருக்கிறார்கள். நாங்கள் இருந்தோம் என்று அவர்களே வந்து சொல்ல வேண்டிய நிலை.

பணத்துக்கு வருவோம். 1963இல் ஃபோர்டு அறக்கட்டளை பாலேவுக்கு 77 லட்சம் டாலர் ஒதுக்கியபோது, அதில் 60 லட்சத்துக்குப் பக்கம் நியூயார்க் சிட்டி பாலேவுக்கும் அதன் பள்ளிக்கும்தான் போனது. அப்படி ஒரு மெத்தை ஹார்லெமுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. 1988இல் சோவியத் யூனியன், 1992இல் தென்னாப்பிரிக்கா என்று உலகம் சுற்றிய அதே குழு 1990இல் பல மாதங்கள் ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. 2004இல் 23 லட்சம் டாலர் கடனோடு 44 கலைஞர்களையும் அனுப்பிவிட்டு மூடினார்கள். பள்ளி தடுமாறித் தாக்குப்பிடித்தது; குழு மேடைக்குத் திரும்ப 8 ஆண்டுகள். 2012இல் அதே வர்ஜீனியா ஜான்சன்தான் தலைமையேற்று மீட்டெடுத்தார், 18 பேரோடு. மிட்செல் அதைப் பார்த்துவிட்டு 2018இல் காலமானார்.

18 பேரை வைத்து நல்ல நடனம் ஆடலாம், ஆடுகிறார்கள். ஆனால் ‘ஜிசெல்’ இரண்டாம் அங்கத்து ஆவிக் கூட்டத்துக்கு அது போதாது. 2021இல் மெக்கென்சி ஸ்காட் என்ற அமெரிக்கக் கொடையாளர் 1 கோடி டாலர் கொடுத்தார். 2023இலிருந்து ராபர்ட் கார்லண்ட் கலை இயக்குநர். அவர் என்னிடம் யோசனை கேட்கப்போவதில்லை. கேட்டால், பத்திரிகைக்காரர்கள் கொண்டாட அடுத்த ‘முதல்’ ஒருவரைத் தேடாதீர்கள், பின்வரிசைக்கு இன்னும் 20 பெண்களைச் சம்பளம் கொடுத்து எடுங்கள் என்பேன்.