ஏஎன்பி கோணம் 4 டிகிரியைத் தாண்டினால் தாடை ஆபரேஷன் கட்டாயமா?

“பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயில் ஏஎன்பி கோணம் 4 டிகிரிக்கு மேல் இருந்தால் தாடை ஆபரேஷன்தான் ஒரே வழி. கம்ப்யூட்டர் அளந்தது தப்பாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டு வாக்கியமும் தவறு. ஏஎன்பி என்பது மேல்தாடையின் ‘ஏ’ புள்ளி, மூக்கின் வேரில் உள்ள நேசியான் (‘என்’), கீழ்த்தாடையின் ‘பி’ புள்ளி ஆகிய மூன்றையும் இணைக்கும் கோணம்; மேல்தாடையும் கீழ்த்தாடையும் முன்பின்னாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்று காட்டும்.

கோணத்தைக் கணக்கிடுவதில் கம்ப்யூட்டர் பிசகாதுதான். ஆனால் எந்தப் புள்ளிகளை வைத்துக் கணக்கிடுவது? அவற்றை மருத்துவரோ மென்பொருளோ படத்தில் குறிக்க வேண்டும். சிக்கலே அங்கேதான். மேல்தாடையின் ‘ஏ’ புள்ளி என்பது முன்பல் வேருக்கு முன்னால் எலும்பு வளைவு அதிகம் குழிந்திருக்கும் இடம். மெல்லிய எலும்பு, மங்கலான நிழல். ஒரே படத்தை ஒரே மருத்துவர் மறுவாரம் குறித்தாலும் புள்ளி சற்று நகரும். பாம்ரிண்ட், ஃபிரான்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1971லேயே இந்தப் பிழையை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் 4.7 என்று தசமத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

அப்புறம், புள்ளிகளைச் சரியாகவே குறித்தாலும் இந்தக் கோணம் ஏமாற்றும். மூக்கின் வேரில் உள்ள நேசியான் புள்ளி சிலருக்கு இயல்பாகவே முன்தள்ளி இருக்கும்; தாடைகள் மாறாமலேயே கோணம் குறைந்துவிடும். அதனால்தான் 1975இல் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர், நேசியானைச் சேர்க்காமல் இரு தாடைகளையும் ஒப்பிடும் ‘விட்ஸ்’ என்ற அளவீட்டை முன்வைத்தார். அது பற்கள் கடிக்கும் தளத்தை நம்புவதால் அதற்கும் அதற்கான தொல்லை உண்டு.

சரி, கோணம் உண்மையிலேயே 5 என்றால்? கீழ்த்தாடை பின்தங்கியிருக்கலாம், அவ்வளவுதான். வளரும் பிள்ளைகளுக்குத் தாடை வளர்ச்சிக்கு உதவும் கருவிகள் உண்டு. பெரியவர்கள் பலருக்குப் பல் கிளிப்பே போதும். முகம், கடி, வயது எல்லாம் பார்த்து, தாடை வித்தியாசம் கடுமையாக இருந்தால்தான் ஆபரேஷன் பேச்சே வரும்.